வரிசை எண் 237

“அந்த மூணு ரோட்டுல யாரும் சாகலையேம்மா” என்றார் சாலைப் பொறியாளர்.

என் கையில் கணவரின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. அசல். நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் முக்கியமான இடங்களுக்கு நான் நகலைக் கொண்டுபோவதில்லை. நகலைக் காட்டினால் அசல் எங்கே என்பார்கள், அசலைக் காட்டினால் நகல் எங்கே என்பார்கள். பதினெட்டு வருஷமாகப் பார்த்து அலுத்துப்போன கூத்து அது. சான்றிதழை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே குனிந்து படித்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, வயது முப்பத்தைந்துக்கு மேல் போகாது. கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.

“இதுல ஆஸ்பத்திரின்னுதானே இருக்கு?”

“உயிர் போனது ஆஸ்பத்திரில. அடிபட்டது மூணு ரோட்டுல, என் கடை வாசல்ல. நான் பார்த்தேன் சார்.”

“நீங்க பார்த்தது எனக்குப் போதும்மா. மேல இருக்கிறவங்களுக்குப் பட்டியல்ல இருக்கணும்.”

ஒரு கோப்பைப் பிரித்துக் காட்டினார். சிக்னல் வைக்க ஒரு விதி இருந்தது. மூன்று வருஷத்துக்குள் ஒரே இடத்தில் மூன்று பேராவது விபத்தில் இறந்திருக்க வேண்டும். அது போலீஸ் பதிவுசெய்து அரசாங்கம் வெளியிடும் விபத்துப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் தெருப் பெயர் கிடையாது. ஒவ்வொரு விபத்துக்கும் எதிரே புள்ளி வைத்த இரண்டு நீளமான எண்கள்தான். பூமியில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்கள். எங்கள் முச்சந்தியின் எண்ணை அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளைப் பட்டியலின்மேல் வைத்து நாற்பது பக்கத்தையும் என் கண்ணெதிரே தேடினார். அந்த எண் எங்கேயும் இல்லை. மூன்று வருஷத்தில் அங்கே நாலு பேர் போனதை நான் கடையில் உட்கார்ந்தே பார்த்தவள். ஒரு கொத்தனார், ஒரு கல்லூரி மாணவி, பால் வண்டிக்காரர் ஒருவர், பிறகு என் வீட்டுக்காரர்.

“எதுக்கும் நீங்களே ஒரு தடவை பாருங்க. இது ரகசியமெல்லாம் இல்ல, தகவல் தளத்துல போட்டிருக்கு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்” என்றார்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வார்த்தையின் அருமை என்னைப் போல் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கடையில் மூன்று கணினி, ஒரு பெரிய மிஷின், ஒரு லேமினேஷன் பெட்டி. தேர்வு முடிவு, நில வரைபடம், வாக்காளர் பட்டியல், பிறப்புப் பதிவு என்று எதைத் தேடி வந்தாலும் எடுத்துக் கொடுப்பேன். அரசாங்கம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் நாலு படி இருக்கிறது, வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்து நீ மனிதன்தான் என்று நிரூபிக்கும் பரீட்சை இருக்கிறது, கடைசியில் ‘பிறகு முயலவும்’ இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேர் மனிதர்கள்தான் என்று அவர்கள் சார்பில் நிரூபித்தவள் நான்.

கடையை ஆரம்பித்தது என் கணவர். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. டைப் அடிக்கும்போது அடுத்தவர் தாளில் இருப்பதில் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. தப்பாகப் பட்டாலும் அப்படியே அடிக்க வேண்டும், வேண்டுமானால் வாயால் சொல்லலாம். புதிதில் நான் ஒருவரின் பிறந்த வருஷத்தைப் பார்த்து, இந்த ஆளுக்கா இந்த வயசு என்று அதிகப்பிரசங்கித்தனமாகத் திருத்திவிட்டேன். அந்த மனுஷன் ஒரு வருஷம் அலைந்தார். அன்றைக்கு என் கணவர் கோபப்படவில்லை. “அவங்க தாளு அவங்க தலையெழுத்து. நாம வெறும் கை” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அவர் போன நாளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணி. ஒருவருக்குப் பதினாலு பக்கம் அச்செடுக்கும்போது பன்னிரண்டாவது பக்கத்தில் பேப்பர் தீர்ந்துவிட்டது. பேப்பர்க் கடை எதிர்ச்சாரியில். வந்தவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “நீங்க ஆடி அசைஞ்சு போறதுக்குள்ள ஆபீஸே மூடிடுவாங்க, கொஞ்சம் வேகமா போங்க” என்றேன். வேகமாகப் போனார். திருப்பத்தில் வந்த லாரிக்காரனுக்கு அவர் தெரியவில்லை. என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான், அதை என்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

இப்போது அதே முச்சந்தியை என் மகள் தினமும் நாலு தடவை ஸ்கூட்டரில் கடக்கிறாள். அந்தப் பக்கம் மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு, சாயங்காலம் ஒன்று. நாலு தடவையும் நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். “பொண்ணு தாண்டிட்டுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் தாளை நீட்டுவார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் திருப்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு. லாரியை நிறுத்த ஒரு அரை நிமிஷச் சிவப்பு.

பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்தேன். எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ அச்சடித்த தாளைத் திரும்ப ஸ்கேன் செய்து, அதுவும் கோணலாக வைத்து, படமாகப் போட்டிருந்தார்கள். ஏழாம் பக்கத்தில் ஒரு பெருவிரல் விழுந்திருந்தது. படத்தில் எதையும் தேட முடியாது, எண்ண முடியாது, வரிசைப்படுத்த முடியாது. நாற்பது பக்கம், நானூற்றுப் பன்னிரண்டு விபத்து. அந்தப் பொறியாளர் தாளை வைத்துத் தேடியதற்குக் காரணம் புரிந்தது. அவருக்கும் இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். வரிசை எண், தேதி, நேரம், ஆணா பெண்ணா, வயது, எதில் வந்தார், எதில் அடிபட்டார், விளைவு, ஸ்டேஷன் பெயர், பிறகு அந்த இரண்டு எண்கள். பெயர் கிடையாது. நூறு வரி தாண்டியபோது ஒன்றைக் கவனித்தேன். கண் படிப்பதற்கு முன்னாலேயே விரல் அடிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஸ்டேஷன் பெயர் வந்ததும் விரல் தானாக 4417 என்று முடித்து, அடுத்த கட்டத்துக்குத் தாவி 0926 என்று முடித்தது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால்தான் விரலுக்கு அப்படி மனப்பாடம் ஆகும். நிறுத்திவிட்டு மேலே போய்ப் பார்த்தேன். எங்கள் ஸ்டேஷன் விபத்து எல்லாவற்றுக்கும் அதே எண்.

237-இல் நின்றேன். தேதி அது. நேரம் 11.10. ஆண். 51. நடந்து சென்றவர். லாரி. மரணம். பிறகு 4417, 0926. எத்தனையோ பேருடைய சாவுச் செய்தியை அடித்துக் கொடுத்த கைக்கு அந்த ஒரு வரியை அடிக்க முடியவில்லை. மிஷினை அணைத்துவிட்டு முகம் கழுவி வந்துதான் அடித்தேன்.

எண்ணைக் கணினி வரைபடத்தில் போட்டபோது மகள் பக்கத்தில் இருந்தாள். புள்ளி முச்சந்தியில் விழவில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி, பின்தெருவில், போலீஸ் ஸ்டேஷன் கட்டடத்தின்மேல் விழுந்தது. அந்தத் தெருவில் லாரி நுழையவே முடியாது. பிடித்து வைத்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும், ஒரு நாய் படுத்திருக்கும், அவ்வளவுதான் நடமாட்டம். மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அறுபத்தொரு விபத்து, பதினாலு சாவு.

“அப்போ அப்பாவை ஸ்டேஷன் கூரைமேல ஏறி லாரி அடிச்சிருக்கு” என்றாள் மகள். இருவரும் சிரித்தோம். சிரிப்பு நடுவழியில் வேறாகிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை ஊரில் எல்லோரும் ரைட்டர் என்பார்கள். என் கடைக்கு வாரத்துக்கு இரண்டு முறை வருவார், ஐம்பத்தைந்து வயது, பேச்சில் மரியாதை. ஸ்டேஷனுக்கே போய் நான் தாளை நீட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் மாறியது. மேசை டிராயரை இழுத்து விபத்து பதிகிற டேப்பை, பலகை மாதிரியான அந்தக் கைக்கணினியை, எடுத்துக் காட்டினார். அதன் வாலில் சார்ஜர், சார்ஜரின் வாலில் சுவர்ப் பிளக்கு.

“பேட்டரி செத்து மூணு வருஷம் ஆச்சும்மா. பிளக்கைப் பிடுங்கினா ஆஃப் ஆயிடும். விபத்து நடந்த இடத்துக்கு எப்படி எடுத்துட்டுப் போறது? போய்ப் பார்த்துட்டு வந்து இங்க உட்கார்ந்து அடிப்பேன். எல்லாம் அடிச்சா, கடைசில ‘இப்போது இருக்கும் இடம்’னு ஒரு பட்டன். அதை அமுக்கினாத்தான் உள்ள வாங்கும்.”

“அமுக்கினீங்க.”

“அமுக்கினேன்.” டிராயரிலிருந்து மூன்று கடித நகலை எடுத்தார். புதுப் பேட்டரி கேட்டு எழுதியது. மூன்றும் என் கடையில் எடுத்த நகல்கள். “உங்க வீட்டுக்காரரோடதையும் நான்தான் போட்டேன். அன்னிக்கு எனக்குக் கையே ஓடல. அந்த பட்டனை எங்க இருந்து அமுக்கறேன்னு யாரும்மா யோசிப்பாங்க?”

திட்டிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஒருத்தரையும் திட்ட முடியாமல் திரும்பி வருவதுதான் என் தலையெழுத்து போலிருக்கிறது.

மிச்சத்தையும் அடித்து முடித்தேன். மூன்று வாரம் ஆனது. அறுபத்தொரு வரியையும் தனியாக அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டினேன். ஜனங்கள் வந்து நின்று பார்த்தார்கள். இது எங்க மாமா, இது எங்க ஓனர் பையன் என்று தேதியை வைத்தே கண்டுபிடித்தார்கள். எது எங்கே நடந்தது என்று பேனாவால் பக்கத்தில் எழுதிவிட்டும் போனார்கள். நாலு நாளில் அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டுக்கு உண்மையான இடம் தெரிந்துவிட்டது. எங்கள் முச்சந்தியில் மட்டும் பதினேழு.

அன்றைக்கு மகள் சொன்னாள்: “நீயே பட்டியல்ல சரியான எண்ணைப் போட்டுடும்மா. நீதானே அடிக்கற.”

“அது அவங்க பட்டியல்டி. நான் மாத்தினா கள்ளப் பட்டியல் ஆயிடும்.”

“இப்ப மட்டும் நல்ல பட்டியலா?”

“இருக்கறதை இருக்கறபடி அடிச்சு, தப்பு எங்கன்னு தனியா கடிதம் எழுதறதுதான் முறை.”

“அப்பா மாதிரியே பேசு” என்றாள். பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். பேட்டரி கதை, பட்டன் கதை, ஐம்பத்தெட்டு உண்மையான இடங்கள், கீழே நூற்றுப் பத்துக் கையெழுத்து. அடித்த பட்டியலை, மூலத்தில் இருந்தபடியே, ஒரு புள்ளி பிசகாமல், பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். பஸ் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இருந்தவர் கடிதத்தை ஒரு கையிலும் பென் டிரைவை ஒரு கையிலும் வாங்கினார். “கடிதம்னா தரைத்தளம் தபால் பிரிவு. பென் டிரைவ்னா ரெண்டாவது மாடி கணினிப் பிரிவு” என்றார். இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம் என்றேன். “சேர்ந்து வாங்கற பிரிவு இல்லீங்க” என்றார். இரண்டு இடத்திலும் கொடுத்து இரண்டு ரசீது வாங்கிக்கொண்டேன். கணினிப் பிரிவில் இருந்த பெண் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். “எங்ககிட்டயே இப்படி ஒண்ணு இல்லீங்க. இனிமே எண்ணலாம், வரிசைப்படுத்தலாம். இத்தனையும் நீங்களே அடிச்சதா?” எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதத்தையும் படித்துவிட்டுச் செய்யுங்கள் என்று அவளிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றரை மாதத்தில் தகவல் தளத்தில் கோணல் படம் போய் என் பட்டியல் வந்துவிட்டது. நான் வைத்த கட்ட அகலம்கூட மாறவில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், தேடலாம். என் பெயர் இல்லை, வேண்டவும் வேண்டாம். அதற்கடுத்த மாதம் பொறியாளரே போன் செய்தார். “உங்க ஊருக்கு சிக்னல் வந்தாச்சும்மா. மாவட்டத்துலேயே முதல் இடம்” என்றார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். மகளுக்கு மட்டும் ஒரு பிடி. அவள் வாயில் போட்டுக்கொண்டு, “சரி, உன் முறைதான் முறை” என்றாள்.

கம்பம் ஏற்றிய வண்டி ஒரு புதன்கிழமை காலை வந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். எதிரே பேப்பர்க் கடைக்காரரும் வெளியே வந்து நின்றார். வண்டி முச்சந்தியில் வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு வண்டி திரும்பிப் பின்தெருப் பக்கம் போனது.

கடையைத் திறந்து போட்டபடியே பின்னால் ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நாய் எழுந்து தள்ளிப் படுத்தது. “இங்க இல்லப்பா, மூணு ரோட்டுல” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். மேஸ்திரி போனைக் காட்டினார். “ஆர்டர்ல இருக்கற எண்ணைப் போட்டா இங்கதான் காட்டுது, பாருங்க.” 4417, 0926. என் விரலுக்கு மனப்பாடமான எண். ரைட்டர் கதவருகே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பொறியாளரும் அலைந்துதான் பார்த்தார், குறை சொல்ல முடியாது. நானூற்றுப் பன்னிரண்டையும் வரிசைப்படுத்தி, எந்த எண் அதிகம் வருகிறதோ அந்த எண்ணுக்கு முதல் சிக்னல் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். “இதுக்கு முன்னால அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தவே முடியாதும்மா. அதனால அந்த இடம் யார் கண்ணுலயும் படல” என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எங்கள் ஊருக்கு இனி மூன்று வருஷத்துக்கு வேறு சிக்னல் கிடையாது என்று, நான் குடித்து முடித்த பிறகு சொன்னார்.

கடிதத்துக்குப் பதில் ஐந்தாம் மாதம், கம்பம் நட்ட மறுவாரமே வந்தது. ‘முடிவடைந்த ஆண்டுகளின் பதிவுகளைத் திருத்த வழிவகை இல்லை. எனினும் தங்கள் புகாரைக் கருத்தில் கொண்டு நிலையத்துக்குப் புதிய கருவி வழங்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. உண்மைதான். ரைட்டர் புது டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு விபத்து நடந்த இடத்துக்கே போய், அங்கே நின்று பட்டனை அமுக்கத் தொடங்கினார். அதன் பிறகு எங்கள் முச்சந்தியின் எண்ணோடு முதல் பதிவு ஏறியது. எதிர்ச்சாரிப் பேப்பர்க் கடைக்காரர். கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர். மறுவாரம் பொறியாளரைப் பார்த்தேன். “இது சரியான இடத்துல பதிவாயிருக்கும்மா. ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. பிணத்தைத் தூக்கியபோது நானும் மனசுக்குள் ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் பொறியாளர் அலுவலக உதவியாளர் ஒருவர் கடைக்கு வந்தார். “எங்க கலர் பிரிண்டர் படுத்துடுச்சுக்கா. ஆறு காப்பி நல்லா பளிச்சுனு வேணும். மேலிடத்துல இருந்து பார்க்க வராங்க.” அவர் கொடுத்த பென் டிரைவைத் திறந்தேன். எங்கள் ஊர் சிக்னலின் ஒரு வருஷ அறிக்கை. ஸ்டேஷன் வாசலின் படம், நாய்கூட இருந்தது. கீழே ஒரு வரைபடம், அதில் இரண்டு தூண்கள். சிக்னல் அமைக்கும் முன் விபத்து அறுபத்தொன்று. அமைத்த பின் சுழி. நூறு சதவீத வெற்றி, பிற ஊர்களிலும் பின்பற்றத் தக்கது.

கோப்பு என் கணினியில் திறந்திருந்தது. உதவியாளர் போனில் பேசிக்கொண்டு வெளியே நின்றார். அந்தப் பிறந்த வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக என் விரல் அடுத்தவர் தாளின்மேல் போயிற்று. அந்தச் சுழியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதைத் திருத்துவது? அறுபத்தொன்று, நான் அடித்தது. சுழியும் சரி, அந்த இடத்தில் யாரும் அடிபடவில்லைதான். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தேன். “சூப்பரா வந்திருக்குக்கா” என்றார்.

மகளை இப்போது முச்சந்தி வழியாகப் போக விடுவதில்லை. அதற்கு மட்டும் சண்டை போட்டு ஜெயித்தேன். பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறாள், பத்து நிமிஷம் கூட. ஊரில் அந்த சிக்னலை உபயோகிக்கும் ஒரே ஆள் அவள்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நேற்று எனக்கு இருமலுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது, அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். சிக்னல் வைத்த பிறகு அந்தத் தெருவுக்குள் நான் வருவது அதுதான் முதல் தடவை. சிவப்பு எரிந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் நிறுத்தாமல் முறுக்கினாள்.

“நில்லுடி.”

“யாரும்மா வரா?”

“நில்லுன்னா நில்லு.”

நிறுத்தினாள். விளக்குக்குக் கீழே எண் குறைந்துகொண்டிருந்தது, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. கம்பத்தின் நிழலில் நாய் படுத்திருந்தது. நான் இறங்கிக் கம்பத்தின் அருகே போனேன். அரசாங்கத்தின் கணக்குப்படி, இனி யாராலும் திருத்த முடியாதபடி, என் வீட்டுக்காரர் செத்தது இந்த இடத்தில்தான். இங்கே பேப்பர்க் கடை இல்லை. லாரி இல்லை. வேகமாகப் போங்கள் என்று சொன்னவளும் இல்லை. சுவர் ஓரமாக ஒரு மனுஷன் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் நடந்து போகலாம்.

பச்சை விழுந்தது. “ஏறும்மா, வேலைக்கு நேரமாச்சு” என்றாள் மகள். ஸ்டேஷன் படியில் ரைட்டர் வந்து நின்று, கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். அவள் ஒரு தடவை ஹாரன் அடித்தாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. நான் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பச்சை போய், ஆளில்லாத தெருவில், மறுபடியும் சிவப்பு விழுந்தது.